பலபடி கலந்த சிமெண்டுச் சாந்தில் பதப்படுத்தும் சூழலின் விளைவு

ஆய்வுச்சுருக்கம்

சிமெண்டுச் சாந்து இறுகும் காலத்தில் அதன் ஈரம் காக்கப்பட வேண்டும் என்பது கட்டுமானவியலின் அடிப்படை விதி. எஸ்.பி.ஆர்., அக்ரிலிக், ஈ.வி.ஏ. முதலிய பலபடிகளைச் சாந்தில் கலக்கும்போது இவ்விதி பாதியளவே பொருந்துகிறது. சிமெண்டு நீரேற்றமடைய ஈரம் வேண்டும். பலபடித் துகள்கள் ஒன்றிணைந்து படலமாக ஈரம் நீங்க வேண்டும். எதிரெதிரான இவ்விரு தேவைகளும் நிறைவேறும் கால வரிசையே இச்சாந்தின் வளைவு வலிமை, ஒட்டு வலிமை, நீர் ஊடுருவல் ஆகியவற்றைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 28 நாள் நீரில் மூழ்கவைத்துச் சோதிக்கும் வழக்கம் இச்சாந்தினைக் குறித்துத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பலபடி, லேட்டக்ஸ், சிமெண்டுச் சாந்து, நீராற்றுதல், நீரேற்றம், படலமாதல், ஒட்டு வலிமை.

முன்னுரை

கட்டடப் பணியில் மேஸ்திரி முதல் பொறியாளர் வரை அனைவரும் ‘க்யூரிங்’ என்று வழங்கும் செயலைத் தமிழில் ‘நீராற்றுதல்’ என்கிறோம். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்குதல், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுதல், பூச்சுச் சுவருக்குக் காலை மாலை தண்ணீர் அடித்தல் ஆகிய எல்லாம் இச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. சாதாரண போர்ட்லண்டு சிமெண்டினால் ஆன கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், கனிமச் சேர்ப்புள்ள சிமெண்டாயின் 10 நாள்களும் ஈரம் காக்க வேண்டுமென ஐ.எஸ். 456 : 2000 கூறுகிறது, வெப்பமும் வறட்சியும் மிக்க காலத்தில் இவ்வளவுகள் இன்னும் கூடுகின்றன. கூடுதலாக நீராற்றுவதால் கேடில்லை என்பது களத்தில் அனைவரும் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. வெறும் சிமெண்டைப் பொறுத்தவரை அது சரியும்கூட.

பலபடி கலந்த சாந்து இந்நம்பிக்கையைச் சற்றே அசைக்கிறது. முதுநிலைப் பொறியியல் மாணவர் ஒருவர் எஸ்.பி.ஆர். லேட்டக்ஸைச் சிமெண்டின் எடையில் 5, 10, 15 விழுக்காடு கலந்து கனசதுரங்கள் வார்க்கிறார் என்று கொள்வோம். மறுநாள் அச்சினின்று பிரித்து, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் மூழ்கவைக்கிறார். 28ஆம் நாள் ஈரத்துடன் எடுத்து அமுக்க வலிமையைச் சோதிக்கிறார். லேட்டக்ஸ் கூடக்கூட வலிமை குறைவதைக் கண்டு, ‘பலபடியால் பயனில்லை’ என்றோ ‘5 விழுக்காடே உகந்தது’ என்றோ எழுதுகிறார். அவர் பெற்ற எண்களில் பிழை இல்லை. ஆனால், பலபடி தன் பணியைத் தொடங்குவதற்கான வாய்ப்பே அக்கனசதுரங்களுக்குத் தரப்படவில்லை. அத்துடன், பலபடி எந்தப் பண்பை மேம்படுத்துமோ அப்பண்பு அங்கு அளக்கப்படவும் இல்லை.

எனவே இக்கட்டுரையில் ‘நீராற்றுதல்’ என்னும் சொல் நீரைக் கொண்டு செய்யும் செயலுக்கு மட்டும் ஆளப்படுகிறது. ஈரம், உலர்வு, வெப்பம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பொதுநிலைக்குப் ‘பதப்படுத்தல்’ என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது.

சாந்தினுள் நிகழும் இரு வினைகள்

சிமெண்டிலுள்ள டிரைகால்சியம் சிலிக்கேட்டும் டைகால்சியம் சிலிக்கேட்டும் நீருடன் வினைபுரிந்து, கால்சியம் சிலிக்கேட்டு ஹைட்ரேட்டுக் கூழ்மத்தையும் கால்சியம் ஹைட்ராக்சைடையும் தருகின்றன. சாந்தினைப் பிணைப்பது முன்னது. முழுமையாக நீரேற்றமடையும் ஒரு கிராம் சிமெண்டு ஏறத்தாழ 0.23 கிராம் நீரை வேதியியல் முறையில் பிணைத்துக்கொள்கிறது. கூழ்மத்தின் நுண்துளைகளில் மேலும் ஏறத்தாழ 0.19 கிராம் நீர் தங்குகிறது. துளைகளிலுள்ள காற்றின் சார்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நீரேற்றம் மிகவும் மந்தமடைகிறது என்பதைப் பவர்ஸின் ஆய்வுகள் காட்டின. நீராற்றுதலின் அறிவியல் அடிப்படை இதுவே.

லேட்டக்ஸ் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பலபடித் துகள்களின் பால்மம். வணிகத்தில் கிடைப்பவற்றில் திண்மப் பங்கு பெரும்பாலும் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும், எஞ்சியது நீர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி பரப்புச் செயலிகள் அவற்றைப் பிரித்து வைக்கின்றன. பால்மத்திலிருந்து நீர் குறையும்போது துகள்கள் நெருங்குகின்றன. நெருங்கியவை அடர்ந்து அடுக்கப்படுகின்றன. துகள்களுக்கு இடைப்பட்ட நீரின் நுண்புழை விசை அவற்றை நசுக்கி, உருண்டை வடிவினின்று பல்முக வடிவத்துக்கு மாற்றுகிறது. இறுதியில் அண்டைத் துகள்களின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் எல்லை கடந்து ஒன்றினுள் ஒன்று பின்னிக்கொள்ள, தொடர்ச்சியான படலம் உருவாகிறது. இப்படலமே சாந்தின் நுண்விரிசல்களுக்குக் குறுக்கே பாலமாக நின்று இழுவிசையைத் தாங்குகிறது, துளைகளை அடைக்கிறது, பழைய கான்கிரீட்டின் பரப்பில் பற்றிக்கொள்கிறது.

துகள்கள் நெருங்குவதற்கு நீர் குறைந்தாக வேண்டும். காற்றில் ஆவியாவது ஒரு வழி. சிமெண்டு தன் நீரேற்றத்துக்காக நீரை உறிஞ்சிக்கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி எண்ணிப்பார்க்கத் தக்கது. சிமெண்டு தனக்கென நீரை எடுத்துக்கொள்ளும்போதே பலபடிக்கும் உதவிவிடுகிறது. ஆனால் சாந்து தொட்டி நீரில் மூழ்கியிருந்தால், சிமெண்டு உறிஞ்சிய நீரின் இடத்தை வெளிநீர் உடனே நிரப்பிவிடும். சிமெண்டு தொடர்ந்து வளரும். துகள்களோ பெரும்பாலும் துகள்களாகவே நின்றுவிடும்.

ஒகாமாவின் மாதிரியும் அதன் திருத்தமும்

சிமெண்டுடன் இரப்பர்ப் பாலைக் கலக்கும் எண்ணம் புதிதன்று. 1923இல் கிரெஸ்ஸனும் 1924இல் லெஃபெபூரும் இயற்கை இரப்பர் லேட்டக்ஸை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமைகள் பெற்றனர். முன்னவர் சாலைப் பரப்புக்கெனச் சிமெண்டை நிரப்பியாக மட்டுமே கருதினார். பலபடி கலந்த சிமெண்டு என்று இன்று நாம் பொருள்கொள்ளும் கலவைக்கு வித்திட்டவர் பின்னவரே. செயற்கை இரப்பர், செயற்கைப் பிசின் லேட்டக்ஸ்கள் 1930-களில் வந்தன. குமரி மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்களை அறிந்த நமக்கு, இயற்கைப் பாலையே ஏன் பயன்படுத்தலாகாது என்னும் கேள்வி எழக்கூடும். சிமெண்டுக் கரைசலிலுள்ள கால்சியம் அயனிகள் இயற்கைப் பாலை விரைவில் திரித்துவிடுகின்றன. தக்க நிலைப்படுத்திகள் இன்றி அது கலக்கும்போதே கட்டிபட்டுவிடும்.

ஜப்பானிய ஆய்வாளர் யோஷிஹிகோ ஒகாமா முன்வைத்த மூன்றுநிலை மாதிரி இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. கலந்தவுடன் பலபடித் துகள்கள் நீரில் சீராகப் பரவியிருக்கும். நீரேற்றம் தொடங்கிக் கூழ்மம் வளர வளர அவை அதன் பரப்பிலும், நீரேற்றமடையாத சிமெண்டுத் துகள்களின் மீதும் படியும். இறுதியாக நீர் வற்றும்போது அடர்ந்து, படலமாகி, கூழ்மத்துடன் பின்னிப்பிணைந்த வலையாகும். நீரேற்றம் முந்த, படலமாதல் பிந்த வேண்டும் என்னும் வரிசை இதில் தெளிவாக உள்ளது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆய்வு செய்த பீல்டென்ஸ், வான் கெமெர்ட் முதலியோர், ஒகாமாவையும் உடன்கொண்டு 2005இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த மாதிரி இதனைத் திருத்தி விரித்தது. இரு வினைகளும் ஓரளவு ஒரே காலத்தில் நிகழ்வதையும், ஒன்று மற்றொன்றைத் தடுக்கவும் செய்வதையும், பதப்படுத்தும் சூழல் இவற்றுள் எது முந்தும் என்பதைத் தீர்மானிப்பதையும் அது கணக்கில் கொண்டது.

தடுப்பது எவ்வாறு? சிமெண்டுத் துகளின் மேல் படியும் பலபடித் துகள்களும், பால்மத்திலுள்ள பரப்புச் செயலிகளும் நீர் அதனை அணுகுவதைத் தாமதப்படுத்துகின்றன. இச்சாந்துகள் தொடக்க நாள்களில் வெறும் சாந்தினைவிட வலிமை குறைந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஏழாம் நாள் முடிவைக் கண்டு இவற்றைத் தள்ளிவிடுதல் கூடாது.

சூழல் மாறும்போது நிகழ்வது

28 நாளும் நீரில் இருக்கும் சாந்தில் நீரேற்றம் தடையின்றி நடைபெறுகிறது. அமுக்க வலிமை பெரிதும் குறைவதில்லை. ஆனால் பலபடிக்காகவே நாம் எதிர்பார்த்த வளைவு வலிமையும் ஒட்டு வலிமையும் தம் முழு அளவை எட்டுவதில்லை. இங்கு இரு விளைவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, மேலே கூறியவாறு படலம் நன்கு உருவாகாமை. மற்றொன்று, உருவான படலம் நீரில் ஊறி உப்பி மென்மையடைதல். முன்னது கட்டமைப்பின் குறை. பின்னது சோதிக்கும் கணத்தின் ஈரநிலை. நன்கு உலர்ந்து படலமான சாந்தினைப் பின்னர் நீரில் ஊறவைத்தாலும் அதன் வளைவு வலிமை இறங்கும். மீண்டும் உலர்த்தினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பும். நீரில் பதப்படுத்திய மாதிரியைச் சிலநாள் உலர்த்திய பின்னும் ஒரு தொகுதி சோதித்தால் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம். எளிய செயல்தான், எனினும் பல ஆய்வுத் திட்டங்களில் இதற்கு இடம் ஒதுக்கப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, வார்த்தது முதலே உலர்காற்றில் விடப்படும் சாந்தில் படலம் விரைந்து உருவாகிறது, சிமெண்டோ பசித்திருக்கிறது. வெறும் சாந்தாயின் இச்சூழலில் அது மிகவும் நலிந்துவிடும். பலபடிச் சாந்து அவ்வளவு நலிவதில்லை. பரப்பை ஒட்டி உருவாகும் படலம் உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதைத் தடுத்து, ஒரு மூடியாகச் செயல்படுகிறது. ‘இதற்கு நீராற்றுதலே தேவையில்லை’ என்னும் விற்பனைப் பேச்சு இவ்வுண்மையின் மிகைப்படுத்தலே. நீர்-சிமெண்டு விகிதம் 0.38 என்று கொள்வோம். முழு நீரேற்றத்துக்கு மேற்குறித்த கணக்கின்படி 0.42 தேவை. ஒரு துளி நீர்கூட இழக்காமல் மூடிவைத்தாலும் சிமெண்டின் ஒரு பகுதி நீரேற்றமடையாமலே எஞ்சும். முதல் நாளிலேயே வெயிலில் நீரை இழக்கும் சாந்தின் நிலை இதனினும் கீழானது. தடிமன் குறைந்த பூச்சுகளில் இக்குறை மிகுந்து காணப்படும்.

ஆதலால் இரண்டையும் வரிசைப்படுத்துவதே வழி: முதலில் ஈரம், பின்னர் உலர்வு. ஜப்பானியச் சோதனை முறையில் 2 நாள் ஈரக்காற்று, 5 நாள் நீர், 21 நாள் உலர்காற்று என 28 நாள்கள் பகுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1950-களின் பிற்பகுதி முதல் பாலத் தளங்களின்மேல் இடப்பட்டுவரும் லேட்டக்ஸ் கான்கிரீட்டு மேலடுக்குகளுக்கு ஓரிரு நாள் ஈரச்சாக்கு போர்த்தி, பிறகு அதனை நீக்கிக் காற்றில் உலரவிடுகின்றனர். இரண்டுக்கும் கால அளவு வேறு, வரிசை ஒன்றே. ஆய்வகத்தின் 5 நாள் நீருக்கும் களத்தின் ஓரிரு நாள் சாக்குக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கனத்த மேலடுக்கின் உட்பகுதி பல நாள்களுக்குத் தானே ஈரமாக இருக்கும். சிறிய சோதனை மாதிரி அவ்வாறு இருப்பதில்லை.

நீண்ட உலர்வு எல்லாப் பண்புகளையும் ஒருசேர உயர்த்துவதாகவும் கொள்ளலாகாது. உலரும் சாந்து சுருங்கும். உலர்ந்த மாதிரி ஈர மாதிரியைவிடக் கூடுதலான அமுக்க வலிமை காட்டுவது வெறும் சாந்திலும் உள்ள இயல்பு. அதனைப் பலபடியின் சாதனையாக எழுதிவிடக்கூடாது. வெறும் சாந்தின் வளைவு வலிமையோ, உலரும்போது பரப்புக்கும் உட்புறத்துக்கும் இடையே எழும் ஈர வேறுபாட்டால் குறையக்கூடும். எனவே உலர்பதத்தில் இரு சாந்துகளின் வளைவு வலிமையை ஒப்பிட்டால் பலபடி மிகுந்த பெருமை பெறும்; நீரில் ஒப்பிட்டால் சிறுமைப்படும்.

பலபடியின் வகை

நீருக்குப் பலபடிகள் அனைத்தும் ஒரேவிதமாக இணங்குவதில்லை. சிமெண்டின் துளைநீர் கடுங்காரத் தன்மையுடையது. எஸ்.பி.ஆரின் ஹைட்ரோகார்பன் சங்கிலியைக் காரம் எளிதில் தாக்காது. பாலிவினைல் அசிட்டேட்டின் எஸ்டர் தொகுதிகளோ ஈரமும் காரமும் கூடிய சூழலில் நீராற்பகுப்படைந்து, பாலிவினைல் ஆல்கஹாலாகவும் கால்சியம் அசிட்டேட்டாகவும் மாறுகின்றன. முன்னதும் நீரில் கரையும் இயல்புடையது. நனையும் இடங்களில் இப்பலபடி தவிர்க்கப்படுவதன் காரணம் இதுவே. ஈ.வி.ஏ.விலும் வினைல் அசிட்டேட்டு உள்ளது. எத்திலீன் அலகுகள் பாதுகாப்பளிப்பதால் பாதிப்பு மட்டுப்படுகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. ஓடு ஒட்டும் கலவைகளில் தூள் வடிவில் வரும் ஈ.வி.ஏ.வை நெடுநாள் நீரில் வைத்துச் சோதிப்போர், படலம் உருவாகாமை, உப்புதல் ஆகியவற்றோடு இந்த வேதி மாற்றத்தையும் மனங்கொள்ள வேண்டும். முதலிரண்டும் உலர்த்தினால் பெரும்பாலும் சீராகும்; மூன்றாவது சீராகாது.

வெப்பநிலை

ஒவ்வொரு லேட்டக்ஸுக்கும் குறைந்தபட்சப் படலமாதல் வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே நீர் வற்றினால் துகள்கள் நசுங்கி இணையாமல் வெண்பொடியாகவே எஞ்சும். குளிர்நாட்டு நூல்கள் இவ்வெல்லையைக் குறித்து மிகவும் எச்சரிக்கின்றன. இந்தியத் தரமுறைகள் 27±2 செல்சியஸ் பாகை ஆய்வக வெப்பநிலையை வகுத்திருப்பதாலும், சமவெளிப் பகுதிகளின் தட்பவெப்பத்தாலும் நமக்கு இது அரிதாகவே இடர் தரும். நமக்குரிய இடர் மறுமுனையில் உள்ளது. கோடை நண்பகலில் காற்றும் வெயிலும் சேர்ந்து, பூசிய சாந்தின் மேற்பரப்பை விரைவில் உலர்த்திவிடும். ஆவியாதல் ஒரு மணிக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோகிராமை நெருங்கும்போது பசைநிலைச் சுருக்க விரிசலை எதிர்நோக்க வேண்டுமென்பது கான்கிரீட்டுத் துறையின் பொதுவான எச்சரிக்கை. லேட்டக்ஸ் சாந்தில் இத்துடன், உள்ளே ஈரமாக இருக்கையிலேயே மேலே தோல்போல் ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதன் பிறகும் மட்டக்கட்டையால் தேய்த்து மெருகிடுபவர் அத்தோலைக் கிழித்துவிடுகிறார். கிழிந்த இடம் மீண்டும் ஒட்டுவதில்லை.

இறுகிய பின்னும் வெப்பத்தின் பங்கு உண்டு. பலபடி தன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைக் கடந்து சூடாகும்போது மென்மையடைவதால், சாந்தின் வலிமையும் குறைகிறது. 50 செல்சியஸ் பாகைக்கு மேல் இது நன்கு புலப்படும். வெயில் படும் மொட்டைமாடித் தளத்துக்குப் பலபடியைத் தெரிவு செய்வோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

சோதனைத் திட்டத்தில் கவனிக்க வேண்டியவை

நம் ஆய்வகங்களில் சிமெண்டின் அமுக்க வலிமை 70.6 மில்லிமீட்டர்க் கனசதுரத்தில், எண்ணூர் மணலைக் கொண்டு, ஐ.எஸ். 4031இன் ஆறாம் பகுதிப்படி அளக்கப்படுகிறது. 24 மணி நேரத்துக்குப் பின் அச்சு பிரித்துச் சோதனை நாள்வரை நீரில் வைத்தல் அம்முறையின் கூறு. அது சிமெண்டின் தரத்தை அறிய வகுக்கப்பட்ட முறை. அந்நோக்கத்துக்கு அது செவ்வியது. பலபடிச் சாந்துக்கு அதனை அப்படியே பெயர்த்துக்கொள்வதில்தான் சிக்கல். வளைவு வலிமைக்கு 40 × 40 × 160 மில்லிமீட்டர்ப் பட்டகங்களும், ஒட்டு வலிமைக்குப் பழைய கான்கிரீட்டின்மேல் பூசிய மாதிரிகளும் உடன் இருத்தல் வேண்டும்.

ஒப்பீட்டுச் சாந்தினை எவ்வாறு பதப்படுத்துவது? பலபடிச் சாந்துக்கு ஈர-உலர் வரிசையையும் வெறும் சாந்துக்கு நீரையும் தந்தால், சூழல் இரண்டும் வேறு என்ற மறுப்பு எழும். இரண்டுக்கும் நீரையே தந்தால் பலபடிக்கு அநீதி. இரண்டுக்கும் உலர்வைத் தந்தால் சிமெண்டுக்கு அநீதி. இரு சாந்துகளையும் இரு சூழல்களிலும் வைத்து நான்கு தொகுதிகளாகச் சோதிப்பதைவிடக் குறுக்குவழி இல்லை. மாதிரிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் என்று தயங்குவோர், பலபடி விழுக்காடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து விழுக்காடுகளை ஒரே சூழலில் ஆராய்வதினும் இரண்டினை இரு சூழல்களில் ஆராய்வது பயன் மிக்கது.

லேட்டக்ஸிலுள்ள நீரைக் கணக்கிடாமல் விடுவது மற்றொரு பிழை. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோகிராம் சிமெண்டுக்குத் திண்ம அளவில் 10 விழுக்காடு பலபடி வேண்டுமெனில் 5 கிலோகிராம் தேவை. லேட்டக்ஸின் திண்மப் பங்கு 45 விழுக்காடாயின் ஏறத்தாழ 11.1 கிலோகிராம் பால்மம் ஊற்ற வேண்டும், அதில் 6.1 கிலோகிராம் நீர். நீர்-சிமெண்டு விகிதம் 0.38 எனில் மொத்த நீர் 19 கிலோகிராம். ஆகவே தனியாகச் சேர்க்க வேண்டியது 12.9 கிலோகிராமே. இதைக் கவனியாது 19 கிலோகிராம் நீரையும் ஊற்றினால் விகிதம் 0.50ஐ எட்டிவிடும். பின்னர் காணும் வலிமைக் குறைவுக்குப் பதப்படுத்தலைக் குறைகூற இயலாது. பரப்புச் செயலிகளால் புகும் காற்றும் இவ்வாறே ஏமாற்றும். நுரையடக்கி சேர்த்த லேட்டக்ஸா என்பதை அறிந்து, பசுஞ்சாந்தின் அடர்த்தியை அளந்து குறித்துவைத்தல் நலம்.

களத்தில்

கடற்கரை நகரங்களில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த தூண்களையும் உத்திரங்களையும் செப்பனிடுவதற்கு இச்சாந்து பெரிதும் பயன்படுகிறது. அங்குப் பதப்படுத்தல் பூசுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பழைய கான்கிரீட்டை முன்கூட்டி நனைத்து, மேற்பரப்பில் நீர் மினுமினுக்காத நிலையில் பூச வேண்டும். வறண்ட கான்கிரீட்டு சாந்தின் நீரை உறிஞ்சி, ஒட்டும் பரப்பிலேயே சிமெண்டைப் பட்டினி போடும். நீர் தேங்கிய பரப்போ லேட்டக்ஸை நீர்க்கச் செய்யும். பூசிய பின் ஓரிரு நாள் ஈரச்சாக்கோ பாலித்தீன் தாளோ போர்த்தி, பிறகு நீக்கி நிழலில் உலரவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வுலர்வு கிடைப்பதே அரிது. காற்றின் ஈரம் மிகும் அந்நாள்களில் உள்நீர் வெளியேற நெடுநாளாகும். நாள்காட்டியில் 28ஆம் நாள் வந்துவிட்டதென்பதால் படலமும் வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. ஒட்டு வலிமைச் சோதனையை உலர்நாள்களின் எண்ணிக்கை கொண்டு திட்டமிடுவதும், சோதனையன்று பரப்பின் ஈரநிலையை அறிக்கையில் எழுதுவதும் இதனால் தேவையாகின்றன.

அச்சோதனையில் வட்டமாக அறுத்து, உலோகத் தகடு ஒட்டி இழுக்கும்போது, எண்ணைக் காட்டிலும் பிளவு நேர்ந்த இடம் கூடுதலாகப் பேசும். பழைய கான்கிரீட்டினுள் பிளந்தால் ஒட்டு அதைவிட வலியது என்று பொருள். சாந்தினுள் பிளந்தால் பதப்படுத்தலை ஆராய வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பில், வழுவழுப்பான மென்தோலுடன் பிரிந்து வந்தால், பூச்சுக்கு முன் தடவிய லேட்டக்ஸ் கலந்த சிமெண்டுப் பால் சாந்து வருமுன்னரே உலர்ந்து படலமாகிவிட்டது என்று ஐயுறலாம். உரிய இடத்தில் ஒட்டைத் தரும் அதே படலம், முந்திக்கொண்டால் ஒட்டைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே அப்பால் பிசுபிசுப்பாக இருக்கும்போதே சாந்து அதன்மேல் வந்தாக வேண்டும்; உலர்ந்துவிட்டதெனில், மேலே மற்றொரு பூச்சுத் தடவுவதை விடுத்து, சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே முறை.